பாம்பு வருவதற்கு முன்பே வேலையை முடிங்க: பத்து பாகாட் கம்பத்து வீடுகளுக்கு ஒரு மழைக்கால வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை பொதுவாக நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. அதை ஒட்டியே தீபாவளியும் வந்துவிடும். ஒட்டடை அடிச்சு, சுவருக்கு சாயம் பூசி, உடைஞ்ச நாற்காலியையும் பழைய பலகையையும் வெளியே தூக்கிப் போடும் நேரம் அது. அந்தப் பழைய சாமான் எங்கே போகுது? பெரும்பாலும் கொல்லைப்புறத்துக்கு. மழைக்காலத்தில் வீட்டைத் தேடி வரும் பாம்புக்கும் எலிக்கும் தேவையான மறைவிடத்தை நாமே கட்டிக் கொடுப்பது அங்கேதான்.

ஊர்ப்புறத்தில், தோட்டத்தில், ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் மழைக்கு முன் எதைச் செய்யணும், ஒரு விலங்கு உள்ளே வந்துட்டா எதைச் செய்யக்கூடாது என்பதை இந்தத் தொகுப்பில் பார்ப்போம்.

பத்து பாகாட்டில் ஏன் கூடுதல் கவனம்?

காரணம் நிலத்தின் அமைப்பு. சுங்கை சிம்பாங் கிரி, சுங்கை சிம்பாங் கானான் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து சுங்கை பத்து பாகாட் ஆகி, மலாக்கா நீரிணையில் கலக்கின்றன. மாவட்டத்தின் பெரும்பகுதி தட்டையான தாழ்நிலம். பல இடங்களில் களிமண், சில இடங்களில் கரிமண் என்று சொல்லப்படும் சதுப்பு மண். பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என்று ஊர்ப் பெயர்களே 'பாரிட்' என்று தொடங்குவதைக் கவனிச்சிருப்பீங்க. பாரிட் என்றால் வெட்டப்பட்ட கால்வாய். இந்தக் கால்வாய்களை வெட்டித் தண்ணீரை வடித்த பிறகே இங்கே தென்னையும் ரப்பரும் செம்பனையும் வளர்ந்தன.

கடல் ஏற்றத்தில் இருக்கும்போது கால்வாய்த் தண்ணீர் எளிதில் வடியாது. அதே நேரத்தில் மேற்பகுதியில் பெய்த மழைநீரும் இறங்கி வந்தால், இரண்டும் சேர்ந்து ஊருக்குள்ளேயே தேங்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் மீண்டும் பெருவெள்ளம். மாநிலம் முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போக நேர்ந்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று பத்து பாகாட். மற்ற இடங்களில் தண்ணீர் வடிஞ்ச பிறகும், இங்கே சில கம்பங்களில் வாரக்கணக்கில் நின்றது.

தண்ணீர் ஏறும்போது மனிதர்கள் மேட்டுக்குப் போவது மாதிரியே விலங்குகளும் மேட்டைத் தேடுகின்றன. செம்பனைத் தோட்டத்திலும் பாரிட் ஓரத்திலும் இருக்கும் வளைகள் முதலில் மூழ்கும். அந்த வட்டாரத்தில் உலர்ந்து கிடக்கும் ஒரே மேடு சில நேரம் உங்க வீட்டுத் தாழ்வாரம்தான்.

அவை ஏன் நம் வீட்டுக்கு வருகின்றன?

மூன்று காரணங்கள்: உலர்ந்த இடம், உணவு, மறைவிடம். வெள்ளம் வரும்போது முதல் காரணத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்தான் இருக்கு.

உணவு என்றால் நாம் வைக்கும் சோறு மட்டும் இல்லை. மழை விட்ட மாலையில் வாசல் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். ஈசலைப் பிடிக்கத் தேரை வரும். தேரையைத் தேடி நாகம் வரும். கோழித் தீவனம் சிந்திக் கிடந்தால் எலி வரும். எலியைத் தேடி மலைப்பாம்பு வரும். பாம்பை மட்டும் விரட்டிவிட்டு, சிந்திய தீவனத்தை அப்படியே விட்டு வைத்தால், அடுத்த வாரம் இன்னொரு பாம்பு வரும். விளக்கில், தீவனத்தில், குப்பையில்தான் வேலையை ஆரம்பிக்கணும்.

மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

ஒரே நாளில் எல்லாத்தையும் முடிக்க வேண்டியதில்லை. நான்கு வார இறுதிகளாகப் பிரிச்சுக்கிட்டா சுலபம்.

*முதல் வாரம்: குவியல்கள்.* பலகை, தகரம், பழைய ஓடு, செங்கல், காய்ந்த செம்பனை மட்டை எல்லாம் சுவரை ஒட்டிக் கிடந்தால் அப்புறப்படுத்துங்க. தேவைப்படும் பலகையைத் தரையிலிருந்து உயர்த்தி, அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி அடுக்குங்க. கையுறையும் பூட்ஸும் இல்லாமல் குவியலில் கை வைக்காதீங்க. முதலில் நீளமான கம்பால் தட்டுங்க, பிறகு புரட்டுங்க. பலகையைத் தூக்கும்போது உங்க பக்கமாகத் தூக்கினால், அடியில் இருப்பது எதிர்ப்பக்கமாக ஓட வழி கிடைக்கும். தேள், பூரான் விஷயத்திலும் இதே முறைதான்.

*இரண்டாம் வாரம்: தண்ணீர் போகும் வழி.* கூரை ஓரத் தகரக் குழாயில் இலை அடைச்சிருந்தா எடுங்க. லோங்காங்கில் மண் தேங்கியிருந்தால் வாரி விடுங்க. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடி இல்லாத பீப்பாய், வெட்டிய மூங்கில் கணு, கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டி: ஏடிஸ் கொசுவுக்கு இவ்வளவு போதும். முட்டை கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை சோதித்தாலே அந்தச் சுழற்சி அறுந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவணும். ஏடிஸ் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

*மூன்றாம் வாரம்: ஓட்டைகள்.* சுண்டுவிரல் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை போடுங்க. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் கம்பி வலை மாட்டுங்க. கூரையைத் தொடும் ரம்புத்தான், மா கிளைகளை வெட்டி விடுங்க. குரங்குக்கும் மரநாய்க்கும் அதுதான் பாலம். கோழிக்கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, சின்னக் கண்ணி உள்ள கம்பி வலையால் மூடுங்க. சாதாரண கோழி வலையின் கண்ணி பெரியது, குட்டி மலைப்பாம்பு தாராளமாகப் புகுந்துவிடும்.

*நான்காம் வாரம்: வாசனையும் வெளிச்சமும்.* தீவனத்தை இறுக மூடும் பீப்பாயில் வையுங்க. பூனை, நாய்க்கு வைத்த சாப்பாட்டில் மிச்சம் இருந்தால் இரவில் எடுத்துவிடுங்க. குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு, கயிற்றால் கட்டுங்க. விழுந்து அழுகும் பழங்களைப் பொறுக்கிவிடுங்க. இரவு முழுக்க எரியும் வாசல் விளக்கை, தேவையான நேரத்தில் மட்டும் போடுங்க.

இந்த வேலைகளில் சேரும் இலையையும் குப்பையையும் கொளுத்திவிடலாம் என்று நினைக்காதீங்க. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். அதோடு, கரிமண் நிலத்தில் மேலே அணைந்த தீ மண்ணுக்கு அடியில் நாள்கணக்கில் புகைஞ்சுக்கிட்டே இருக்கும். இலையை மக்க வைத்து உரமாக்குங்க. ஆனால் அந்தக் குழி வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். மக்கும் இலையின் சூடு பாம்பு முட்டையிட ஏற்ற இடம்.

உப்பும் கந்தகமும் போட்டா பாம்பு வராதா?

வீட்டைச் சுற்றிக் கல் உப்பு தூவுவது, கந்தகப் பொடி போடுவது, பூண்டு நசுக்கி வைப்பது எல்லாம் நம் வீடுகளில் வழக்கம். இவை பாம்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. போட்ட மறுநாளே மழை கரைத்துக்கொண்டு போய்விடும். 'போட்டாச்சு' என்ற நிம்மதியில் குவியலை அப்படியே விட்டுவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

எலி மருந்து வைக்கலாமா?

வைப்பதற்கு முன் ஒரு விஷயத்தை யோசிங்க. சந்தையில் கிடைக்கும் வீரியமான எலி மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை; சில நாள் ஆகும். தள்ளாடித் திரியும் அந்த எலியை ஆந்தையோ பூனையோ பிடித்துத் தின்றால், அந்த விஷம் அவற்றுக்கும் போகும். மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் 1980-களிலேயே இப்படி ஆந்தைகள் இறந்தது பதிவாகியிருக்கிறது.

ஆந்தை கத்தினால் கெட்ட சகுனம் என்று பயப்படுபவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. தோட்டக்காரர்களிடம் கேட்டுப் பாருங்க, வேற மாதிரி சொல்வாங்க. கம்பத்தின் மேல் மரப்பெட்டி பொருத்தி வெண்ணாந்தைகளைக் குடி வைப்பது இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் பல பத்தாண்டுகளாக உள்ள முறை. குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்னும். உங்க வீடு தோட்டத்தை ஒட்டி இருந்தால், விஷத்துக்குப் பதிலாகப் பொறி வைப்பது உங்களுக்கும் நல்லது, அந்த ஆந்தைக்கும் நல்லது.

யார் யார் வரலாம்? என்ன செய்யணும்?

*துப்பும் நாகம்.* மலாயில் தெடுங் செண்டுக். ஜொகூர் வீடுகளில் அடிக்கடி பிடிபடும் விஷப்பாம்பு இதுதான். பெரும்பாலும் கறுப்பு நிறம். கடிப்பதோடு, எதிரே நிற்பவரின் கண்ணைக் குறிவைத்து விஷத்தைப் பீய்ச்சும். குனிந்து உற்றுப் பார்ப்பது, முகத்தை அருகே கொண்டுபோய்ப் படம் எடுப்பது கூடவே கூடாது. விஷம் கண்ணில் பட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்க. தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு என்று எதையும் விடாதீங்க.

*மலைப்பாம்பு.* மலாயில் உலார் சாவா. உலகிலேயே மிக நீளமாக வளரும் பாம்பு இனம் இதுதான். விஷம் கிடையாது, ஆனால் பெரிய பாம்பின் பிடி ஆபத்தானது. கோழியை விழுங்கிய பிறகு வந்த ஓட்டை வழியாகத் திரும்பிப் போக முடியாமல், கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். நீங்களே இழுத்துப் போட முயலாதீங்க.

*உடும்பு.* ஊரில் பியாவாக் என்றே சொல்லுவாங்க. செத்த மீன், எலி, முட்டை எல்லாம் தின்னும். வழி விட்டால் ஓடிவிடும். மூலையில் மடக்கினால்தான் வாலால் அடிக்கும், கடிக்கும். பின்கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்க, அது போதும்.

*நீளவால் குரங்கு.* கூட்டமாக வரும். சாப்பாடு கொடுக்காதீங்க, ஒருமுறை கொடுத்தால் மறுநாளும் கேட்கும், கொடுக்காவிட்டால் பறிக்கும். கண்ணை நேருக்கு நேர் பார்த்து முறைப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பு மாதிரி. குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கிளினிக்குக்குப் போங்க.

*மரநாய்.* மலாயில் மூசாங். கூரைக்குள் ராத்திரி தடதடவென்று ஓடும் சத்தத்தோடு பாண்டான் இலை வாசம் வந்தால், அநேகமாக இதுதான். பழமும் எலியும் தின்னும். இரவில் வெளியே போன பிறகு ஓட்டையை அடையுங்க. அதற்கு முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கணும். குட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் தாய் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

பாம்பு உள்ளே வந்துட்டா?

குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே கொண்டு போங்க. பாம்பு இருக்கும் அறைக்கதவைச் சாத்தி, அடியில் துணியைச் சுருட்டி வையுங்க. தூரத்திலிருந்து ஒருவர் அது போகும் இடத்தைக் கவனிக்கட்டும். 999-ஐ அழைத்தால் பொது தற்காப்புப் படை அல்லது பொம்பா வீரர்கள் வருவாங்க. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் இலவச எண் 1-800-88-5151.

பாராங்கை எடுத்து வெட்டப் போவதுதான் பலர் கடிபடும் சந்தர்ப்பம். அறுத்துப்போட்ட பாம்புத் தலையும் சிறிது நேரம் வரை கடிக்கும். சட்டமும் இருக்கு. மலைப்பாம்பு, உடும்பு உட்படப் பல விலங்குகள் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதி இல்லாமல் அவற்றைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். உயிருக்கு உடனடி ஆபத்து என்ற நிலைக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது. 'கூண்டில் போட்டு வீடியோ எடுத்தேன்' என்பது அந்த விலக்கில் வராது.

கடித்துவிட்டால்?

• பாம்பிடமிருந்து விலகி உட்காருங்க. ஓடாதீங்க.
• மோதிரம், வளையல், கைக்கடிகாரம், இறுக்கமான காலணியைக் கழற்றுங்க. வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
• கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவது மாதிரி தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்க.
• கயிறு போட்டு இறுக்காதீங்க. கீறாதீங்க. வாயால் உறிஞ்சாதீங்க. ஐஸ் வைக்காதீங்க. பச்சிலை அரைத்துப் பூசாதீங்க.
• 999-ஐ அழையுங்க, அல்லது நேராக அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்க. பத்து பாகாட் நகரில் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது.
• பாதுகாப்பாக முடிந்தால் மட்டும், தூரத்திலிருந்து பாம்பைப் படம் எடுங்க. எந்த விஷமுறிவு மருந்து என்று மருத்துவர் முடிவு செய்ய அது உதவும். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம்.

பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஏழைகளை, வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களை அதிகம் தாக்குவதும், சரியான மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலும் காப்பாற்றக்கூடியதுமான ஒரு பாதிப்பு இது. மந்திரிக்கவும் பச்சிலைக்கும் செலவாகும் அரை மணி நேரம்தான் பல நேரங்களில் வித்தியாசத்தை உண்டாக்குது.

வெள்ளம் வடிஞ்ச பிறகு

ஆபத்து தண்ணீரோடு போய்விடுவதில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது முதலில் மின்சாரம். மெயின் சுவிட்ச் நனைந்திருந்தால் தொடாதீங்க, மின் பணியாளரை அழையுங்க. பிறகு கையில் கம்போடு, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு அறையாகப் பாருங்க. அலமாரியின் மேல்தட்டு, கூரை உத்தரம், துவைக்கும் இயந்திரத்தின் பின்புறம், சுருட்டி வைத்த பாய், பூட்ஸின் உள்பக்கம்: தண்ணீர் ஏறியபோது பாம்பு தங்கியிருக்கக்கூடிய இடங்கள் இவை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் லெப்டோஸ்பிரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலைப் பரப்பும். மலேசியாவில் 2010 முதல் மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று. காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். பூட்ஸும் ரப்பர் கையுறையும் போட்டுக் கழுவுங்க, காயத்துக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்க. அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தெரியும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். காய்ச்சல், ஆடுதசையில் கடுமையான வலி, சிவந்த கண், மஞ்சள் காமாலை இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்க. 'வெள்ளத் தண்ணீரில் இறங்கினேன்' என்று நீங்களே சொல்லணும். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றோ டிங்கி என்றோ நினைக்க வாய்ப்பு இருக்கு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக் மருந்தால் குணப்படுத்தலாம்.

இந்த மாதங்களில் வரும் எல்லாமே தொல்லையா?

இல்லை. நமக்கு இலையுதிர் காலம் கிடையாது. ஆனால் வடக்கே சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கம் இலை உதிரத் தொடங்கும்போது, அங்கிருந்து கிளம்பும் பறவைகள் இங்கே வந்து தங்குகின்றன. மின்கம்பியில் அந்தி நேரத்தில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகள், வேலியோரம் தனியாக உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் பழுப்புக் கீச்சான், வானத்தில் வட்டமிடும் தேன்பருந்து எல்லாம் அப்படி வருபவைதான். செப்டம்பர் வாக்கில் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும். தகைவிலானும் கீச்சானும் உங்களிடம் சோறு கேட்பதில்லை. கொசுவையும் வண்டையும் தின்றுவிட்டுப் போகின்றன. வேலியைச் சுத்தம் செய்யும்போது ஒன்றிரண்டு புதரை வீட்டிலிருந்து தள்ளி விட்டு வைத்தால், அவற்றுக்கு அது போதும்.

எப்போது கிளம்ப வேண்டும்?

நீர்ப்பாசன, வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்ஜிர்' இணையத்தளத்தில் ஒவ்வொரு ஆற்றின் நீர்மட்டமும் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகக் காட்டப்படும். உங்க வீட்டுக்கு மிக அருகில் உள்ள அளவீட்டு நிலையம் எது என்று இப்போதே பார்த்து வைங்க. மழை எச்சரிக்கைக்கு மெட்மலேசியாவின் 'மைச்சுவாச்சா' செயலி இருக்கு. உங்க ஊரில் மழை விட்டிருந்தாலும் மேற்பகுதியில் பெய்த தண்ணீர் பிறகு வந்து சேரலாம். அதனால் வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க.

கிளம்பும்போது கோழிக்கூண்டைத் திறந்து விடுங்க. கட்டிப்போட்ட நாயை அவிழ்த்து, முடிந்தால் கூடவே கொண்டு போங்க. கட்டிய நிலையில் விடப்பட்ட பிராணி தப்பிக்க முடியாது. அடையாள அட்டை, மருந்து, குழந்தைகளின் பள்ளி ஆவணங்களை ஒரே பிளாஸ்டிக் பையில் முன்கூட்டியே போட்டு வைங்க.

இந்த வருடத் தீபாவளிச் சுத்தத்தில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் சாமான் கொல்லைப்புறத்தில் நிற்காமல், குப்பை லாரி வரைக்கும் போகட்டும். 999 என்ற எண்ணையும் 1-800-88-5151 என்ற எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் இருக்கும் பெரியவர்களும் பிள்ளைகளும் பார்க்கிற மாதிரி கதவுக்குப் பின்னால் ஒட்டி வைங்க.